சென்னைக்குச் சொல்லிக்கொடுத்த வேலை

ஸ்தெபான் அன்றைக்குக் குவாசோன் ரொட்டி வாங்கி வந்திருந்தார்.

அவர் எங்கள் பாரிஸ் அலுவலகத்தின் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சிக்கனக்காரர். அவர் கொண்டுவந்த காகிதப் பையின் அடி வெண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. கூட்ட அறை முழுக்க அந்த மணம். எதிர்க் கதிரையில் இருந்த ஜில் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நல்ல செய்தி சொல்வதற்கு ஸ்தெபான் இவ்வளவு செலவழிக்க மாட்டார் என்று அதற்கு அர்த்தம்.

செய்தி சுருக்கமாக இருந்தது. எங்கள் மென்பொருளை இனிச் சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வருட முடிவுக்குள் எல்லாவற்றையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு எங்கள் குழு ‘மறுசீரமைக்கப்படும்’.

ஸ்தெபான் என் பக்கம் திரும்பினார்.

“ஜெசிந்தா, சென்னையில் பேசுவது உன் மொழிதானே?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் இருந்தவர்களோடு எத்தனையோ வருடம் வேலை செய்திருக்கிறேன். என் மொழி எது என்று யாரும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டது அன்றுதான்.

“தமிழ்தான். ஆனால் நான் யாழ்ப்பாணம். சென்னைக்குப் போனதே இல்லை” என்றேன்.

“அது போதும்” என்றார் ஸ்தெபான். முகத்தில் உண்மையான நிம்மதி தெரிந்தது.

பை கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. ஜில் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

காலைச் சுற்று

எங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் பெண்கள் இந்த நாட்டில் ஏராளம். நம்மவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பெண் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று கணக்கிட்டு அவளுடைய கைப்பேசிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அலுவலகத்தில் அதைக் ‘காலைச் சுற்று’ என்போம்.

அதை முதலில் எழுதியவர் ஜில். நான் சேர்ந்தபோது அவருக்குத் தாடி கறுப்பாக இருந்தது. அவருடைய பெயரை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது என் கணவர் அன்ரன், “ஜில்லெண்டு ஒரு மனுசன் இருக்கிறாரோ?” என்று சிரித்தார். உண்மையில் அவர் கொதிநிலை மனிதர். கெட்ட நிரலைக் கண்டால் மேசையில் அடிப்பார். ஆனால் நான் வயிற்றில் பிள்ளையோடு, அலுவலகம் இருக்கும் சென் தெனி வரைக்கும் நெரிசல் ரயிலில் வந்துபோன காலத்தில், சொல்லாமல் கொள்ளாமல் என் வேலையில் பாதியைச் செய்து வைத்தவரும் அவர்தான்.

“எழுதித் தந்தவரோ?”

அன்று பின்னேரம் கார் து நோர் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். மழைத் தூறல். ரூ காய் தெரு முனையில் கடைக்காரர்கள் முருங்கைக்காய்ப் பெட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த தெருவில், ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேலே எங்கள் வீடு. குழம்பு கொதிக்கும் வாசம் குளித்துத் துடைக்கும் துவாய்களில்கூட இருக்கும்.

அன்ரன் விமான நிலையத்தில் பொதி ஏற்றுபவர். விடியப் போய்ப் பின்னேரம் வருவார். நான் உள்ளே நுழைந்தபோது சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை அங்கியைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னேன்.

“நீர் என்ன சொன்னனீர்?”

“ஓம் எண்டன்.”

“யோசிச்சுச் சொல்றன் எண்டிருக்கலாம்.”

“யோசிச்சென்ன. நான் இல்லாட்டி இங்கிலீசிலை செய்விப்பினம். நான் செய்தால் எனக்கு ஒரு இடம் இருக்குமாம். இஞ்சை இருந்து அங்கை ஆக்களோடை கதைக்க ஒராள் வேணுமாம்.”

“எழுதித் தந்தவரோ?”

“இல்லை.”

அன்ரன் மீன் முள்ளை எடுத்துச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்தார். அவருடைய கம்பனி பலமுறை பெயர் மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புது நிறத்தில் அங்கி கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் சிலருக்கு அங்கி வராது.

“உமக்கும் அப்பிடித்தான் நடக்கும் எண்டு நான் சொல்லேல்லை” என்றார். சொல்லாமல் சொன்னது அதுதான்.

எங்கள் மகள் மெலனி அறையிலிருந்து தலையை நீட்டினாள். நாங்கள் தமிழில் கேட்பதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. “கணினிப் படிப்பு முடித்தால் எனக்கும் உன் அலுவலகத்தில் இடம் கேட்பாயா, அம்மா?” என்றாள். கொஞ்ச நாளாக அவள் வாயில் அந்தப் பேச்சுத்தான். என் பழைய மடிக்கணினியைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியிருந்தாள்.

“முதல்லை படிச்சு முடி” என்றேன்.

வடிவாப் பாருங்கோ

சென்னையில் எனக்கு ஒதுக்கப்பட்டவள் நித்யா. முப்பதைத் தாண்டியவள். திரையில் முதலில் தெரிந்தது அவளுக்குப் பின்னால் இருந்த பச்சை நிறத் துணி அலமாரியும், அதன் கதவில் பிள்ளை கிறுக்கிய யானையும்தான்.

“ஹலோ மேடம், ஆம் ஐ ஆடிபிள்?” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

“கேக்குது. தமிழிலையே கதைக்கலாம்.”

அவள் திரைக்கு நெருங்கி வந்தாள்.

“கதையா மேடம்?”

“பேசலாம் எண்டு சொல்றன்.”

“நீங்க தமிழா? யாருமே சொல்லல மேடம். ரெண்டு நாளா வீட்டுல இங்கிலீஷ்லயே பேசிப் பாத்துட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பயந்துட்டாரு.”

நான் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, “இந்த இடத்தை வடிவாப் பாருங்கோ” என்றேன்.

அவள் உற்றுப் பார்த்தாள். “அழகாத்தான் மேடம் இருக்கு. ஆனா ஒண்ணும் புரியல.”

கவனமாகப் பார் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. தமிழில் சிரித்தது அதுவே முதல் தடவை.

நாங்கள் பேசும் அறைக்குச் சுவர் கண்ணாடி. நான் வெளியே வந்தபோது தேநீர் இயந்திரத்தின் அருகே பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஜில் மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “உன்னை இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.”

அதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. நான் போனால் இடம் விடுவார்கள். ரொட்டியை நகர்த்தித் தருவார்கள். பேச்சு மட்டும் மழைக்கும் ரயில் தாமதத்துக்கும் மாறிவிடும்.

சூசை மாமிக்குச் சொன்னது

இடையில் நிற்பது எனக்குப் புதிதில்லை. நான் இந்த நாட்டில் செய்த முதல் வேலையே அதுதான்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பிடித்துக்கொண்ட உடனே, எங்கள் கட்டடத்தில் இருந்த எல்லாருக்கும் நான் வாயாகிவிட்டேன். வதிவிடப் பத்திரம் தரும் பப்பியே அலுவலகம், வைத்தியர், மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அம்மா என்னை அனுப்புவார். யாராவது கையில் ஒரு சாக்லேட் வைப்பார்கள்.

ஒருநாள் கீழ்வீட்டுச் சூசை மாமியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமிக்குக் கலியாணம் முடிந்து நெடுங்காலம் கழித்துத் தங்கிய பிள்ளை. இருட்டறையில் படம் எடுத்துப் பார்த்த வைத்தியப் பெண் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கூட வந்த பெரியவர்கள் யாரும் இல்லையா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சின்னச் சின்னச் சொற்களாகத் தேர்ந்து, பிள்ளையின் இதயம் துடிக்கவில்லை என்று என்னிடம் சொன்னார்.

மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். ‘மாமி, பிள்ளை நித்திரையாப் போச்சுதாம்’ என்றுதான் சொல்ல வந்தது. மாமிக்கு அது போதுமாக இருந்தது. அந்தக் குளிர்ந்த களிம்பு வயிற்றில் அப்படியே இருக்க, எழுந்து உட்கார்ந்து என் தலையைத் தடவினார். செய்தி கொண்டுவந்தவளையே தேற்ற வேண்டியிருந்தது அவருக்கு.

எங்கள் கட்டடத்தில் ஒருவரும் அதற்குப் பிறகு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, ஏதோ ஒரு வேலையிலிருந்து நிறுத்திவிட்டதுபோலவும் இருந்தது.

நீயா, அவர்களா?

கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது மிச்சமிருந்தது ஜில்லின் பகுதிதான். சுற்றுக்களைக் கணக்கிடும் இடம். அவரைத் தவிர யாரும் தொடாத இடம்.

“உன்னோடுதான் அவர் பேசுவார். கேட்டுப் பார்” என்றார் ஸ்தெபான்.

கேட்டேன். ஜில் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ கேட்கிறாயா, அவர்கள் கேட்கிறார்களா?”

“அவர்கள்தான்.”

“அப்படியென்றால் அவர்கள் என்னிடம் வரட்டும்.”

நான் கேட்பதாகச் சொல்லியிருந்தால் சொல்லித் தந்திருப்பாரோ என்னவோ. அடுத்த வாரம் அவர் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று வைத்தியர் நீண்ட ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவருடைய கம்பளிச் சட்டை கதிரையின் முதுகில் தொங்கியபடியே இருந்தது. துப்புரவு செய்யும் பெண் அதைச் சுற்றித் தூசு தட்டிவிட்டுப் போவாள்.

நானும் நித்யாவும் அவருடைய நிரலை வரி வரியாக வாசித்தோம். இலையுதிர் காலம் முழுவதும் அதுதான். மகிழ்ச்சியான நாட்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அந்த வருடத்தில் எனக்கிருந்த மகிழ்ச்சி அந்த அறைக்குள் மட்டும்தான் இருந்தது. அவள் கெட்டிக்காரி. நான் ஒன்றைச் சொன்னால் அதற்கடுத்ததை அவளே பிடித்துவிடுவாள். எப்போது ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

“அக்கா, இங்க ஒரு லீவு நாள் வருஷா வருஷம் இடம் மாறிட்டே இருக்கு. ஆனா எப்பவும் வியாழக்கிழமைலதான் விழுது. என்ன நாள் இது?”

“அது ஆண்டவர் விண்ணேற்றம். உயிர்த்த ஞாயிறிலை இருந்து எண்ண வேணும்.”

“சாமி மேல போனதுக்கு கவர்ன்மென்ட் லீவா? அங்க யாரும் சர்ச்சுக்கே போறதில்லன்னு சொன்னீங்களே.”

“போறேல்லை. லீவை மட்டும் எடுப்பினம்.”

அவளுக்குப் பின்னால் பிள்ளையும் காரணம் தெரியாமல் சிரித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சென் தெனிச் சந்தையில் ஜில்லைக் கண்டேன். தாடியை மழித்திருந்தார். அதனால் முதலில் அடையாளம் தெரியவில்லை. கையில் வெங்காயத்தாள்போல் நீண்ட லீக்ஸ் ஒரு கட்டு. அதைக் குடைபோல் தோளில் சாய்த்து வைத்திருந்தார். மகளுடைய வீட்டில் தங்கியிருப்பதாகவும், இரவில் தூக்கம் வருவதில்லை என்றும் சொன்னார். வேலையைப் பற்றிப் பேசமாட்டார் என்று நினைத்தேன்.

“அந்தச் சென்னைப் பெண் எப்படி? கெட்டிக்காரியா?”

“மிகவும்.”

அவர் தலையாட்டினார். “மோசமானவளாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.”

பின்னால் வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். என் கன்னத்தில் முத்தமிட்டு விடைபெற்றார். அவருடைய மழித்த தாடை குளிர்ந்து, யாரோ புது மனிதருடையதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இடையில் ஆள் தேவையில்லை

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஸ்தெபான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த முறை பை ஒன்றும் இல்லை.

சென்னை நிறுவனம் தன்னுடைய ஆள் ஒருவரைப் பாரிசில் வைக்கப்போகிறது. புதுச்சேரிக்காரர். பிறந்ததிலிருந்தே வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். “அதனால் இடையில் இன்னொருவர் தேவைப்படவில்லை” என்றார் ஸ்தெபான். சட்டப்படி கிடைக்கவேண்டியதெல்லாம் கிடைக்கும் என்றார். நான் செய்த உதவியை யாரும் மறக்கமாட்டார்கள் என்றும் சொன்னார்.

அந்தப் புதுச்சேரி மனிதரைக் கடைசி வாரத்தில் சந்தித்தேன். மரியாதையானவர். “நீங்க எல்லாத்தையும் ரொம்ப நல்லா சொல்லிக்குடுத்துட்டீங்கன்னு நித்யா சொன்னாங்க. எனக்கு வேலையே வைக்கல” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அன்ரனிடம் சொன்னேன். ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. “சோமாஜ் வரும்தானே. கொஞ்ச நாளைக்கு இளைப்பாறும்” என்றார். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் காசைத்தான் சோமாஜ் என்கிறோம். எங்கள் லா சப்பல் பகுதியில் அந்தச் சொல்லை எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் அது வந்தது முதல் தடவை.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது மாசியில். மெலனி பல்கலைக்கழகத்துக்குத் தன் விருப்பங்களைப் பதிந்துகொண்டிருந்தாள். தேநீர் கொடுக்கப் போனவள் எட்டிப் பார்த்தேன். மருந்தகப் படிப்பு, தாதிப் படிப்பு. அவ்வளவுதான்.

“கொம்பியூட்டர் எங்கை?”

“எடுத்துவிட்டேன்.”

“ஏன்?”

அவள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி பிரெஞ்சில் சொன்னாள்: “நோயாளிகளைச் சென்னைக்கு அனுப்ப முடியாது, அம்மா.”

தேநீரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிரித்துப் பூட்டிய அந்த மடிக்கணினி அவளுடைய அலுமாரிக்கு மேலே, பழைய சப்பாத்துப் பெட்டிகளோடு இருந்தது.

ஞாயிறு காலை

மார்ச் கடைசி ஞாயிறு. இந்த நாட்டில் அன்றைக்கு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நாங்கள் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். இந்திய இலக்கத்திலிருந்து அழைப்பு.

“அக்கா, நித்யா. கூப்பிடக் கூடாதுன்னு தெரியும். ஒரே ஒரு கேள்வி.”

போன மாதம் புது மெஷினுக்கு மாற்றிய காலைச் சுற்று முழுவதும் ஒரு மணி நேரம் பிந்திக் காட்டுகிறது. ஏழு மணி வீட்டுக்கு எட்டு என்கிறது. பழகிய பெண்கள் சரியான நேரத்துக்குப் போய்விட்டார்கள். புதியவர்கள் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. சிலர் குழம்பிப்போய் அவசர இலக்கத்துக்கு அடித்தபடி இருக்கிறார்கள். புதுச்சேரிக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை.

அன்ரன் சப்பாத்து நாடாவைக் கட்டுவதை நிறுத்தினார். “ஆர்?”

சொன்னேன்.

“வையும் போனை.”

“கிழவியள் கட்டிலிலை கிடக்குங்கள், அன்ரன்.”

“உம்மை வெளியிலை விட்டவை. அவையள் பாக்கட்டும். அது இப்ப உம்மடை வேலை இல்லை.”

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. நான் போனை வைக்கவும் இல்லை.

என் கையில் கணினி இல்லை. அவள் வாசிக்க வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு ஜில்லின் பக்கங்களைப் புரட்டினேன்.

“மணிக்கூடு மாறுற நாளுக்கெண்டு அவர் ஒரு இடம் எழுதியிருப்பார். கீழை போ.”

“இருக்கு அக்கா. ஒரு மணி நேரம் கூட்டறாரு.”

“உங்கடை புது மெஷின் தானாவே கூட்டுதோ?”

அவள் முணுமுணுத்து வாசித்தாள். “ரெண்டு தடவ கூட்டிருக்கு.”

“ஓம். அவர் எழுதின இடத்தை நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப அனுப்பு.”

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு, “சரியாயிடுச்சு அக்கா” என்றாள். “ரிப்போர்ட் எழுதணும். உங்க பேரப் போடவா?”

“போடாதை. வெளியாளுக்கு வாசிச்சுக் காட்டினனீ எண்டு உனக்குத்தான் பிரச்சினை வரும். நீ கண்டுபிடிச்சதெண்டு போடு.”

அவள் உடனே வைக்கவில்லை. “அக்கா, நீங்க இப்ப எந்தக் கம்பெனில இருக்கீங்க? நான் கேக்கவே இல்ல.”

“இன்னும் ஒண்டும் இல்லை.”

அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ‘சாரி’ என்றாளா, ‘சரி’ என்றாளா என்று தெளிவாகவில்லை. வைத்துவிட்டாள்.

மெலனி கதவருகே நின்றிருந்தாள். “இதற்குக் காசு தருவார்களா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“இல்லை.”

அவள் கொஞ்சம் நின்றுவிட்டுத் தன் அறைக்குள் போனாள்.

பூசைக்குப் பிந்திவிட்டது. அன்ரன் தனியாகப் போனார். நான் அடுப்பருகே குசினி யன்னலைத் திறந்துவிட்டு நின்றேன். கீழே கடைகள் திறந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் எங்கெங்கோ மாடிகளில் பெண்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். கதவைத் தட்டி, திரையை விலக்கி, காத்துக் கிடந்த உடம்புகளைத் தூக்கி உட்கார்த்துவார்கள். இன்றைக்கு ஏன் பிந்தியது என்று யாராவது முனகியிருக்கக்கூடும். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. நான் வேலையில் இருந்த அத்தனை வருடங்களிலும் தெரியாதுதான். ஆனால் அப்போதெல்லாம் திங்கட்கிழமை போவதற்கு எனக்கு ஓர் இடம் இருந்தது.